ஆறு வருஷக் காய்ச்சல்

இப்போதெல்லாம் நான் கவலைப்படுவது சின்னச் சின்ன விஷயங்களுக்குத்தான். கேஸ் சிலிண்டரை மூடினேனா, படகைக் கட்டிய கயிறு இறுகியிருக்கா, ஜெயிலில் அண்ணனுக்கு இந்த மாதம் மாத்திரை சரியான நாளில் கொடுத்தார்களா, இந்த மாதிரி. இவ்வளவு சின்னதாகக் கவலைப்படக் கிடைத்ததே எனக்கு நிம்மதியாக இருக்கிறது. சில வருஷத்துக்கு முன்னால் வரை என் கவலைக்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. அண்ணனைத் தூக்கில் போட்டுவிடுவார்களா என்பது.

கவலைப்படுவது எனக்குப் பிறவிக்குணம். ஏழாவது முழுப்பரீட்சை அன்றைக்கு வயிற்றைக் கலக்கிக்கொண்டு வீட்டிலேயே படுத்துவிட்டேன். மறுநாளும் கலக்கியது. மூன்றாம் நாள் நைனா, "சரி, வலைக்கு வாடா, அங்க எவனும் கேள்வி கேக்க மாட்டான்" என்றார். அதோடு என் படிப்பு முடிந்தது. அண்ணன் என்னைவிட ஆறு வயது பெரியவன். அவன் பத்தாவது வரை போனான். படகில் எனக்குப் பயம் வரும்போதெல்லாம், "நான் இருக்கேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லுவான். அப்படிச் சொன்ன ஆளுக்குத்தான் பிற்பாடு யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்க ஆரம்பித்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் ஏரியில் மீன்பிடிக்கும் முறையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த தப்பு புரியாது.

பழவேற்காடு ஏரி பார்க்கப் பெரிசாக இருந்தாலும் இறால் ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான். அதில் எல்லாரும் ஒரே நாளில் வலையைப் போட்டால் அடிதடிதான். அதனால் முறை வைத்திருக்கிறோம். கல்யாணமான ஆம்பளை ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பங்கு. சீட்டுப் போட்டு யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று பிரித்துக்கொள்வோம். இதற்குப் பாடு என்று பெயர். உன் முறை வருகிற நாளில் நீ கரைக்கு வந்து நிற்க வேண்டும். வர முடியாவிட்டால் உன் ரத்த சொந்தம் ஒருத்தன் வந்து, என்ன காரணம் என்று எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காய்ச்சல், சாவு, பொண்டாட்டிக்குப் பிரசவம், ஜெயில், இதெல்லாம் காரணம். அப்போது அவனுக்குப் பதிலாக அந்தச் சொந்தக்காரன் வலை போடலாம், பிடித்தது அவன் வீட்டுக்குப் போகும். ஆனால் புத்தி சரியில்லாதவனுக்குப் பங்கு கிடையாது. ஊர் கூடி, தெளிந்துவிட்டான் என்று சொல்லும்வரை அவன் பேர் சீட்டில் ஏறாது. தண்ணீரில் ஒருத்தன் தடுமாறினால் கூட இருக்கிற நாலு பேர் உயிரும் போகும் என்பதால் வைத்த விதி அது. வைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அண்ணனுக்கு முதல்முதலாக அது வந்தபோது அவனுக்கு ரெண்டு பெண் குழந்தைகள். அன்று அவன் முறை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டால் திரும்பவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அண்ணி என்னைப் பார்த்தாள். நான் கரைக்கு ஓடினேன். "அண்ணன் எங்கடா?" என்று ஊர்த் தலைவர் கேட்டார். அவர் எங்களுக்கு மாமா முறை.

"காய்ச்சல் மாமா" என்றேன்.

அந்தச் சொல்லை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. அதற்குப் பிறகு ஆறு வருஷம் அதையேதான் சொன்னேன்.

நடுவில் ஒருமுறை மெட்ராஸில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். அந்த ஒரு மாதமும் அவன் பழைய அண்ணனாக இருந்தான். ஆனால் தூக்கம் தூக்கமாக வந்தது. படகில் தூங்கி விழுந்தால் என்ன ஆவது என்று நான்தான் பயந்தேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னதும் நான்தான். ஆஸ்பத்திரிச் சீட்டை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கிழித்துத் தண்ணீரில் விட்டதும் நான்தான். பிறகு, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் ஊர் பேசும் என்று, ஒரு ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான்.

அந்த ஐஸ் கம்பெனியில் அவன் கூட வேலை பார்த்த ரெண்டு பேரை ஒருநாள் காலையில் ஐஸ் உடைக்கிற கம்பியால் அடித்துக் கொன்றுவிட்டான். மாமனும் மருமகனுமாம். ஐஸில் விஷம் கலக்கிறார்கள், அது ஊர் முழுக்கப் போகிறது என்று அவனுக்கு யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். அந்த ரெண்டு பேரும் அவனுக்கு ஒரு தீங்கும் செய்தவர்கள் இல்லை. மதியச் சோற்றில் பங்கு கொடுத்தவர்கள். கோர்ட்டில் அவர்கள் வீட்டுப் பெண்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள்கூட எங்களைத் திட்டவில்லை. தூக்குத்தான் வேண்டும் என்று அவர்கள் கேட்டதைத் தப்பு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

இனி என் தப்பு. வழக்கு நடந்தபோது அண்ணனுக்காகக் கோர்ட்டே வைத்துக் கொடுத்த வக்கீல், பொன்னேரியில் ஒரு டீக்கடையில் என்னை உட்காரவைத்துக் கேட்டார்.

"உங்க அண்ணனுக்கு மனசுல எதுனா கோளாறு உண்டா? வைத்தியம் எதுனா பாத்தீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். ரொம்பத் தெளிவான ஆளு. எப்பவாச்சும் காய்ச்சல் வரும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எங்க குடும்பத்துலயே அப்படி யாரும் இல்ல சார்."

எனக்குத் தெரிந்தது பாடு ஒன்றுதான். புத்தி சரியில்லை என்று ஒருத்தன் பேரில் விழுந்தால் அவனுக்குள்ளது எல்லாம் போய்விடும் என்று தெரியும். கோர்ட்டும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நல்லவன், தெளிவானவன், உழைப்பாளி என்று சொன்னால் நீதிபதி இரக்கப்படுவார் என்று நினைத்தேன். சாட்சிக் கூண்டில் ஏறியும் அதையேதான் சொன்னேன். தீர்ப்பில் நீதிபதி, இவன் புத்தித் தெளிவோடு இருந்தவன், தெரிந்தே ரெண்டு உயிரை எடுத்திருக்கிறான் என்று எழுதினார். தூக்கு. வக்கீல் எனக்கு அதைத் தமிழில் படித்துக் காட்டியபோது, தெளிவு என்ற இடத்தில் அது என் வாயிலிருந்து போன சொல் என்று தெரிந்தது.

தூக்கு என்றால் உடனே போட்டுவிட மாட்டார்கள். ஐகோர்ட் அதைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஐகோர்ட்டில் வேறு வக்கீல் வந்தார். இந்த ஆளுடைய வாழ்க்கை எப்படி இருந்தது, தண்டனையைக் குறைக்கிற மாதிரி காரணம் ஏதாவது உண்டா என்று விசாரித்து எழுதிக் கொடுக்கலாம் என்று அனுமதி வாங்கினார். அதற்காக ஒரு பெண் எங்கள் ஊருக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, வெயிலில் முகம் சிவந்துபோய் வாசலில் நின்றாள்.

நான் அண்ணனைப் பற்றி நல்லதாகவே சொன்னேன். புயலில் அடுத்த ஊர்ப் படகை இழுத்து வந்தது, குடிக்க மாட்டான் என்பது, பெண் குழந்தைகளுக்கு அவனே தலைவாரி விடுவான் என்பது. நடுவில், ஆறு வருஷமாக அவனுக்கு அடிக்கடி காய்ச்சல் வரும் என்றும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு பேனாவை மூடினாள்.

"அண்ணா, இவ்ளோ நல்ல மனுஷன் எப்படி இதைச் செஞ்சாரு? அதைத்தான் நீதிபதி கேப்பாங்க."

"அதான் மேடம் எங்களுக்கும் தெரியல."

"ஆறு வருஷமா காய்ச்சல்னு சொன்னீங்களே. என்ன காய்ச்சல்? எந்த டாக்டர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். நண்டு விற்கும் வேலை அவளுக்கு. சந்தையில் அவள் குரலுக்கு எதிர்க்குரல் கிடையாது.

"இன்னா தம்பி, இன்னும் அந்தக் காய்ச்சலையே காய்ச்சிக்கினு இருக்க? ஊசி குத்தினாக்கூட இவ்ளோ நாள்ல எறங்கியிருக்கும்."

"அண்ணி, நீங்க சும்மா இருங்க."

"நான் சும்மா இருந்ததாலதான் இங்க வந்து நிக்குது. கண்ணு, நீ எழுதிக்கோ. எம்புருஷனுக்கு மூளையில சீக்கு. இந்தத் தம்பிக்கும் தெரியும், எனக்கும் தெரியும், செவுத்துக்கும் தெரியும். அது கூடத்தான் தெனம் பேசுவாரு."

"பாடு போயிடும் அண்ணி. நீங்களும் பிள்ளைங்களும் எதை வச்சு சாப்பிடுவீங்க?"

"ஆளே போறாரு. நீ பாட்டைப் புடிச்சுக்கினு இரு."

அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுவர், மாத்திரை, கிழித்த சீட்டு, டீக்கடையில் சொன்ன பொய். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "ஆஸ்பத்திரிக்குப் போனது எந்த வருஷம்?" என்று மட்டும் கேட்டாள். மறுபடி அவள் வந்தபோது ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அண்ணன் பேரைக் கண்டுபிடித்திருந்தாள். நான் கிழித்தது எங்களிடம் இருந்த சீட்டை மட்டும்தானாம். அங்கே நோயின் பேரோடு எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் ரெண்டு நாளைக்கு எனக்கு நன்றாகப் பசித்தது.

ஆனால் அது ஒரே ஒரு மாதத்துக்கு உண்டான பதிவு. மற்ற வருஷங்களுக்கு யார் சாட்சி? முதல் கோர்ட்டில் தெளிவான ஆள் என்று சொன்ன தம்பியே இப்போது மாற்றிச் சொன்னால், தூக்குக்குப் பயந்து கதை கட்டுகிறான் என்று அரசாங்க வக்கீல் சொல்வார். வீட்டுக்கு வெளியே உள்ளவர்கள் சொன்னால் கனம் இருக்கும் என்றாள். வெளியே உள்ளவர்கள் என்றால் ஊர். அதாவது, ஆறு வருஷம் உங்கள் எல்லாரையும் ஏமாற்றினேன் என்று பாடு பிரிக்கிற கூட்டத்தில் எழுந்து நின்று நான் சொல்ல வேண்டும்.

கூட்டம் பத்து நாள் கழித்து. அந்தப் பத்து நாளும் படகில், குளிக்கும்போது, வலையில் ஓட்டை தைக்கும்போது, என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணி பார்த்துவிட்டு, "ஒதடு அசையுது. உனக்கும் சேத்து மாத்திரை கேக்கட்டா?" என்றாள். அவள் சிரித்ததால் நானும் சிரித்தேன். மனசுக்குள் மட்டும், நிஜமாகவே எனக்கும் வந்துவிட்டதோ என்று ஒரு பயம். வழக்கு முடிந்த பிறகு அந்தப் பயத்தை ஒரு டாக்டரிடமே கேட்டேன். இது வேறு, உங்களுக்கு இருப்பது கவலை, இதற்கும் வைத்தியம் உண்டு என்றார். இப்போது நானும் ஒரு சின்ன மாத்திரை போடுகிறேன்.

கூட்டத்தன்று காலையில் சமுதாயக் கூடத்தில் நாற்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். சீட்டுப் போடுவதற்கு முன்னால் எழுந்து நின்றேன். பயிற்சி எடுத்த ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"மாமா, அண்ணனுக்குக் காய்ச்சல் இல்ல" என்றேன்.

தலைவர் பீடியை அணைத்தார்.

"எப்ப?"

"எப்பவுமே இல்ல மாமா. நான் சொன்னதெல்லாம் பொய்யி. அவனுக்குப் புத்தி சரியில்லாம இருந்துச்சு. பாடு போயிடும்னு மறைச்சேன். அதையேதான் கோர்ட்லயும் மறைச்சுட்டேன். இப்ப நீங்க யாருனா வந்து உண்மையைச் சொன்னாத்தான் அவன் உசுரு நிக்கும். பங்கை எடுத்துக்கங்க. தண்டம் போட்டாக் கட்டறேன்."

"முடிச்சிட்டியா?"

"முடிச்சுட்டேன்."

"உக்காரு மொதல்ல." தலைவர் மற்றவர்களைப் பார்த்தார். பிறகு என்னை. "ஏம்பா, ஒரே ஆளுக்கு, அதுவும் மொறை வர அன்னிக்குப் பாத்து, ஆறு வருஷமா காய்ச்சல் வருதுன்னு நம்ப நாங்க இன்னா இறாலா?"

பின்வரிசையில் ஒருத்தன் சிரித்துவிட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"தெரியுமா மாமா?"

"தண்ணியில நெஞ்சளவு நின்னுக்கினு உங்க அண்ணன் சண்டை போடுவான். எதிர்ல ஆளே இருக்காது. எங்களுக்குக் கண்ணு இல்லியா? நீ காய்ச்சல்னு சொன்ன. நாங்களும் காய்ச்சல்னு கேட்டுக்கினோம். வேற எதுனா சொல்லியிருந்தா பங்கை நிறுத்தணும். ரெண்டு பொட்டப்புள்ளைங்க சோத்துல எவன் கை வைப்பான்?"

ஆறு வருஷம் நான் ஊரை ஏமாற்றிக்கொண்டு பயந்து பயந்து வாழ்ந்ததாக நினைத்திருந்தேன். ஊர் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. வெட்கமாகவும் இருந்தது, மார்பிலிருந்து ஏதோ இறங்கின மாதிரியும் இருந்தது.

அப்போதுதான் மூலையிலிருந்து ஒருவர் பேசினார். வலை தைப்பதில் கெட்டிக்காரர், அதிகம் பேசாதவர். எனக்குச் சித்தப்பா முறை.

"சிரிச்சீங்க, சரி. நாம எல்லாரும் தெரிஞ்சும் வாயை மூடிக்கினு இருந்தோம். பங்கு போவும்னு அவன் மறைச்சான். பாவம்னு நாம மறைச்சோம். அன்னிக்கே வாயைத் தொறந்து சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா, அந்த ரெண்டு பேரு இன்னிக்குச் சோறு தின்னுக்கினு இருப்பாங்க. கையெழுத்து கேட்டா நான் போடறேன். ஆனா அதையும் சேத்துத்தான் எழுதணும்."

தலைவர் சீட்டுகளை ஓரமாகத் தள்ளி வைத்தார். "எழுதட்டும்" என்றார்.

அந்தப் பெண் ரெண்டு நாள் எங்கள் வீட்டிலேயே தங்கி ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினாள். எனக்கே தெரியாததெல்லாம் வந்தது. படகில் காதைப் பொத்திக்கொண்டு படுத்துக் கிடந்ததை ஒருத்தர் சொன்னார். குடிதண்ணீரை நாலு முறை முகர்ந்து பார்த்துவிட்டுக் கொட்டியதை இன்னொருத்தர் சொன்னார். சித்தப்பா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினாள். "இது உங்க ஊருக்கு நல்லா இருக்காதே, பரவாயில்லையா?" என்று கேட்டாள். "நல்லா இல்லாததைத்தானம்மா செஞ்சோம்" என்று சித்தப்பா சொல்லிவிட்டு, அவள் சாப்பிட்டாளா என்று விசாரித்தார். அண்ணி அவளுக்கு நண்டை உடைத்து உடைத்து வைத்தாள்.

பங்கைப் பற்றியும் அந்தக் கூட்டத்திலேயே முடிவானது. அண்ணன் பேர் சீட்டில் இருக்கும், வலை நான் போடுவேன். அதோடு புதிதாக ஒன்று சேர்த்தார்கள். புத்தி சரியில்லை என்று காரணம் சொன்னாலும், ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறவரை வீட்டுக்குப் பங்கு வந்துகொண்டிருக்கும், ஆள் மட்டும் தண்ணீரில் இறங்கக் கூடாது. இதற்குப் பிறகு ரெண்டு வீட்டில் அந்தக் காரணத்தைக் கரையில் நின்று சத்தமாகவே சொன்னார்கள்.

ஐகோர்ட் உத்தரவுப்படி ஜெயிலில் டாக்டர்கள் அண்ணனைப் பார்த்தார்கள், வைத்தியம் தொடங்கினார்கள். பல மாதம் போனது. தீர்ப்பு வந்த அன்றைக்கு எனக்கு ஐகோர்ட் வராந்தாவில் நிற்க முடியவில்லை, வெளியே மரத்தடியில் இருந்தேன். அண்ணிதான் உள்ளே போனாள். அவள் வருகிற நடையைப் பார்த்து என்னவென்று கண்டுபிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. எப்போதும் சந்தைக்குப் போகிற மாதிரிதான் நடப்பாள். பக்கத்தில் வந்து, "தூக்கு இல்ல" என்றாள். ஆயுள் முழுக்க ஜெயில், வைத்தியம் நிற்கக் கூடாது. அதைச் சொல்லிவிட்டு அப்படியே வேரில் உட்கார்ந்தாள். செத்துப்போனவர்கள் வீட்டுப் பெண்களும் அந்த வழியாகத்தான் போனார்கள். நாங்கள் எழுந்து நின்றோம். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர்கள் எங்களைப் பார்க்காமல் போனார்கள்.

போன மாதம் அண்ணனைப் பார்க்கப் போயிருந்தோம். சதை போட்டிருக்கிறான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, முதலில் அண்ணியிடம் பெண்களைப் பற்றிக் கேட்டான். பெரியவள் பொன்னேரியில் காலேஜ் போகிறாள் என்றதும், "பஸ்ஸுல கூட்டமா இருக்குமே" என்றான். பிறகு என்னிடம், இங்கே மீன் குழம்பில் மீனைத் தேட வேண்டியிருக்கிறது என்று குறை சொன்னான்.

"குரல் கேக்குதா?" என்றேன்.

"எப்பவாச்சும். தூரத்துல. அடுத்த ஊர் மைக்செட்டு மாதிரி." கம்பி வலைக்குக் கிட்டே நகர்ந்து வந்தான். "அந்த ரெண்டு பேரு மூஞ்சி இப்பதான்டா ஞாபகம் வருது. முன்னல்லாம் அது மனுஷ மூஞ்சியாவே தெரியல. மாத்திரை போட்டப்புறம் சரியா தெரியுது. சின்னவன் சிரிச்சா ஒரு பக்கம் பல்லு இருக்காது."

எனக்குப் பதறியது. இதனால் மாத்திரையை விட்டுவிடுவானோ என்று.

"கஷ்டமா இருந்தா டாக்டர்கிட்ட சொல்லுண்ணா. மாத்திரையை மட்டும் நிறுத்தாத."

"நிறுத்த மாட்டேன்டா. அழறதுக்கு அதுதான் ஒதவுது. இத்தினி நாள் அவங்களுக்காக நான் ஒரு சொட்டு அழலியே."

அண்ணி கம்பி வலையில் விரலை வைத்தாள். அவனும் வைத்தான். நேரம் முடிந்தது என்று கூப்பிட்டார்கள்.

திரும்பும்போது கும்மிடிப்பூண்டி ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. எங்கே பொன்னேரியைத் தாண்டிவிடுமோ என்று ரயிலில் நான் கண்மூடுவதே இல்லை. அன்றைக்கு அண்ணன் சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தவன், எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. அண்ணி தோளைத் தட்டி எழுப்பியபோது வண்டி பொன்னேரி பிளாட்பாரத்தில் நின்றிருந்தது.